நன்றி சொல்ல வேண்டியவர்கள்

ஆண்டுக் கடைசியில் ஆசிரியருக்கு நன்றி சொல்வது நம் பள்ளிகளின் வழக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு சுவர்க் கடிகாரமோ பேனாவோ வாங்கி வருவார்கள். சிலர் காலில் விழுவார்கள், சிலர் அழுவார்கள். செப்டம்பர் 5 என்று தனியாக ஒரு நாளும் வைத்திருக்கிறோம். நன்றி என்றால் பிள்ளைகளிடமிருந்து நமக்கு வரவேண்டியது என்று பழகிப்போய்விட்டது. எண்ணூர்ப் பக்கம் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, 2023–24 கல்வியாண்டு முடிந்த மே மாதத்தில், அந்தக் கணக்கை மாற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது.

அந்த ஆண்டு தொடக்கமே தள்ளிப்போனது. வெயில் தணியாததால் ஜூன் 12-இல்தான் பள்ளி திறந்தார்கள். அது பெரிய விஷயமில்லை. டிசம்பரில் நடந்ததுதான் பெரிது.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. சென்னை முழுக்கத் தண்ணீர் நின்றது. மற்ற இடங்களில் தண்ணீர் வடிந்தால் துன்பம் வடிந்தது. எங்கள் பக்கத்தில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, முகத்துவாரம் வரை கறுப்பாகப் படர்ந்தது. காட்டுக்குப்பத்திலும் பக்கத்துக் குப்பங்களிலும் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொண்டது. மீனவர்கள் வாளியாலும் கையாலும் எண்ணெயை அள்ளினார்கள்.

அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போய், பள்ளி மறுபடி திறந்த நாளில் ஒரு பெண் வந்தாள். அவள் அம்மா ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர். அந்தப் பெண்ணின் சீருடையில் மண்ணெண்ணெய் நாற்றம். எண்ணெய்க் கறை போக மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, அதன் பிறகு சோப்புப் போட்டிருக்கிறார்கள். பாவாடை ஓரத்தில் விரற்கடை அகலத்துக்குப் பழுப்புக் கோடு போகாமல் நின்றது. பையிலிருந்து செய்முறை ரெக்கார்டு நோட்டை எடுத்து நீட்டினாள். நனைந்து காய்ந்ததில் தாள்கள் அப்பளமாகப் புடைத்திருந்தன. மையெல்லாம் ஊறிப்போயிருந்தது. "வேற நோட்டு வாங்கி மொதல்லேந்து எழுதிடட்டுமா மிஸ்?" என்று கேட்டாள். எழுதாமல் விட அனுமதி கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். அவள் கேட்டது எழுதுவதற்கு.

அந்தக் கறுப்பு காய்வதற்குள் அடுத்தது. டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் நேரம். கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பத்திலும் சுற்றியிருந்த ஊர்களிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிந்து, மூச்சடைத்து எழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறி, இருட்டில் ஓடினார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அதே டிசம்பர் 26-இல்தான், 2004-இல், இந்தக் கரையில் சுனாமி ஏறியது. பாட்டிமார்களுக்கு அந்தத் தேதியே போதும்.

ஜனவரியில் வகுப்பு தொடங்கியபோது கேள்விகள் வந்தன. அமோனியா நெடியுடைய வாயு, நீரில் நன்றாகக் கரையும், ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும் என்று ஆண்டுதோறும் சொல்லிவிட்டுப் போகிறோம். ஒரு பையன் எழுந்து, "நெடின்னு சொல்றீங்க மிஸ், மூச்சே அட்ச்சிக்கிச்சு. ஈரத்துணிய மூஞ்சில கட்டிக்கினு ஓடுங்கன்னு சொன்னாங்களே, அது ஏன்?" என்றான். கரையும் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மீதிப் பாடத்தை அவர்களே கட்டி முடித்தார்கள். துணியிலிருக்கும் ஈரத்தில் வாயு கொஞ்சம் கரைந்து நின்றுவிடும் என்று பின் வரிசையிலிருந்து பதில் வந்தது. இத்தனை காலம் நான் நடத்திய வகுப்புகளில் அதற்கு இணையான ஒன்று இல்லை.

அந்த உர ஆலையை மூடச் சொல்லி ஊரார் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பந்தலில் எழுதிய வீட்டுப்பாடங்களையும் நான் திருத்தியிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும். விடை சரியாக இருக்கும்.

"இந்த ஏரியா பிள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாது" என்ற பேச்சை வடசென்னையில் வேலை பார்க்கும் எல்லா ஆசிரியரும் கேட்டிருப்பார்கள். சொல்பவர்கள் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் வந்து நிற்கட்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நீள வரிசையில் நிற்க, இடையிலுள்ள சந்துகளில் தம்பி தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் புகுந்து வருவதைப் பார்க்கட்டும். நேற்று ஆற்றில் எண்ணெய், இரவு காற்றில் நஞ்சு, காலையில் வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர். நியூட்டன் விதி தெரிந்தால் நல்லது நடக்கும் என்று அவர்களிடம் நிரூபித்துக் காட்ட என்னிடம் எதுவும் இருந்ததில்லை. நான் சொன்னதை நம்பி வந்தார்கள். இவ்வளவு பெரிய நம்பிக்கையை வேறு யாரும் என்மேல் வைத்ததில்லை. என் படிப்பும் சம்பளமும் பொருள் பெறுவது அந்த நம்பிக்கையால்தான். அப்படியிருக்க, அவர்கள் கடிகாரம் வாங்கி வந்து எனக்கு நன்றி சொல்வதைக் கைநீட்டி வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. கடன்பட்டிருப்பது நான்.

மே 10-இல் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம். ரெக்கார்டு நோட்டைத் திருப்பி எழுதிய பெண் நல்ல மதிப்பெண் வாங்கினாள், மிட்டாயோடு வந்தாள். அவளிடம் என் நன்றியை வாய்விட்டே சொன்னேன். "எதுக்கு மிஸ்?" என்று விழித்தாள்.

ஈரத்துணி பற்றிக் கேட்ட பையன் வரவில்லை. ஜனவரி முடிவிலிருந்தே அவன் பாதி நாள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில்தான் இருந்தான். எண்ணெய் வந்த பிறகு அப்பாவுக்கு ஆற்றில் தொழில் இல்லை, வீட்டில் இன்னொரு கை சம்பாதிக்க வேண்டியிருந்தது. தேர்வு எழுதினான். கணிதமும் அறிவியலும் போய்விட்டன. தேர்ச்சி பெற்றவர்கள் தாமாகவே வந்து நிற்பார்கள். இவனைப் போன்றவர்களிடம் நாம்தான் போகவேண்டும். அவன் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வகுப்பில் அவன் கேட்ட கேள்விதான் எனக்கு இந்த ஆண்டு கிடைத்த பரிசு என்று அவன் அம்மா முன்னாலேயே சொன்னேன்.

ஏப்ரல் 15-இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் கரையில் நின்றன. காலையில் அவனுக்கு வலை பழுதுபார்க்கும் வேலை, மூன்று மணிக்கு மேல் வரமுடியும் என்று சொன்னான். துணைத் தேர்வு ஜூலையில். மின்னோட்டவியலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தேன். படகின் பேட்டரியும் டைனமோவும் அவனுக்கு அத்துப்படி.