நீச்சல் குளமும் நீர் வடிகட்டும் அறமும்

நம் இல்லங்களில் நீரை வடிகட்டாமல் அடுப்பில் ஏற்றும் வழக்கம் இல்லை. குழாய் நீர் வந்த பின்னரும் அதன் வாயில் இருமடித் துணியைக் கட்டி வைத்த பாட்டிமாரை நாம் கண்டிருக்கிறோம். ஆயினும் வடிகட்டுதல் அத்துணியோடு முடிந்து விடுவதன்று. துணியில் தங்கிய சிற்றுயிர்களை வடித்த நீராலேயே அலசி, எந்தக் கிணற்றில் நீர் எடுத்தோமோ அந்தக் கிணற்றிலேயே, மேலிருந்து கொட்டாமல், நீர்மட்டம் வரை தோண்டியை இறக்கி மெல்லக் கவிழ்த்தல் வேண்டும். குடிப்பவரைக் காப்பதோடு, வடிகட்டப்பட்ட உயிரையும் காப்பதற்கு ஏற்பட்ட முறை இது.

இதனை இப்போது எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நாம் ஆசிரியப் பயிற்சி முடித்து, பணியின் பொருட்டு வந்தவாசிப் பக்கத்திலிருந்து விருதுநகர் மாவட்டத்திற்கு வந்து, ஓய்வு பெற்ற பின்னும் இங்கேயே தங்கிவிட்டோம். சிவகாசிக்கு அண்மையிலுள்ள ஒரு பள்ளியின் நிருவாகக் குழுவில் நம் பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். அங்கே சிறு நீச்சல் குளம் ஒன்று அமைக்க எண்ணியுள்ளனர். “டீச்சர், மணல் ஃபில்டர் போடலாமா, கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் போடலாமா? தண்ணீரை வடிகட்டியே குடிக்கிற குடும்பம் நீங்கள், உங்களைத்தான் கேட்க வேண்டும்” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் வேடிக்கையாகக் கேட்டதை நம்மால் வேடிக்கையாக விட்டுவிட இயலவில்லை.

இம்மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே பெய்து ஓய்ந்துவிடும். அர்ச்சுனா நதி, கௌசிகா நதி, வைப்பாறு என்று அழகிய பெயர்கள் உண்டு. ஆண்டின் பல மாதங்கள் அவற்றில் மணலையே காண்கிறோம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தபோது, குச்சியும் மருந்தும் விரைந்து உலர இவ்வறண்ட காற்றே துணை நின்றது. மழையின்மையே இவ்வூர்களுக்குச் சோறிட்டது எனலாம். ஆனால் பட்டாசு ஆலையில் நாளெல்லாம் அலுமினியத் தூளில் வேலை செய்து, கையும் கழுத்தும் வெள்ளி பூசியதுபோல் வீடு திரும்பும் பெண்ணுக்குக் குளிக்க நீர் வேண்டும். அவள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

பள்ளியார் எண்ணிய குளம் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். அதாவது 72,000 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தால் 4,800 குடம். இக்கணக்கைப் போட்டுப் பார்த்ததும், எந்த வடிகட்டியும் வேண்டா, குளமே வேண்டா என்று எழுதிவிட முற்பட்டோம்.

எழுத விடாமல் தடுத்தது ஒரு பழைய நினைவு. பல ஆண்டுகளுக்கு முன், நம் ஐந்தாம் வகுப்பில் படித்த சிறுவன் ஒருவன், அடைமழைக்குப் பின் நிரம்பிக் கிடந்த கல்குவாரிக் கிடங்கில் குளிக்க இறங்கினான், மீளவில்லை. மறுநாள் வருகைப் பதிவேட்டைத் திறந்தபோது அவன் பெயருக்கு நேரே என்ன குறிப்பது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தோம். ஆற்றங்கரைப் பிள்ளை யாரும் கற்பிக்காமலே நீந்தப் பழகிவிடுகிறான். வறண்ட நாட்டுப் பிள்ளைக்கோ ஆண்டில் இரண்டு மாதமே நீர் கண்ணில் படுகிறது. அதுவும் செங்குத்தான பள்ளத்தில். 2021-இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நீச்சல் கற்பித்தலும் உயிரோம்பலே அன்றோ?

சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்றாக அனர்த்த தண்ட விரதத்தைக் கூறுகிறது. பயனேதுமின்றி நிலத்தை அகழ்தல், நீரை வீணே கையாளுதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை அறுத்தல் ஆகியவை அதனால் விலக்கப்படுகின்றன. இங்கே ‘பயனின்றி’ என்னும் சொல்லையே நாம் ஊன்றி நோக்க வேண்டும். இல்லறத்தார் நீரையே தொடலாகாது என்று ஆசாரியர் கூறவில்லை; எதற்காக, எவ்வளவு என்று கேட்கிறார். அடுத்த குணவிரதமாகிய போகோபபோக பரிமாணத்தில் நீராடலையும் அளவு செய்துகொள்ளச் சொல்கிறார்.

இனி வடிகட்டிகளுக்கு வருவோம். மணல் வடிகட்டி எளியது, நீண்டநாள் உழைப்பது. ஆனால் மணலில் அழுக்கு அடைந்ததும் நீரை எதிர்ப்புறமாகச் செலுத்திக் கழுவி வெளியேற்ற வேண்டும். இதனை ‘பேக்வாஷ்’ என்பர். மணிக்கு 15,000 லிட்டர் இறைக்கும் பம்பு 3 நிமிடம் இவ்வாறு ஓடினால் 750 லிட்டர் சாக்கடைக்குப் போகும். வாரம் ஒரு முறையெனில் மாதத்திற்கு 3,000 லிட்டர். கார்ட்ரிட்ஜ் என்பது மடிப்பு மடிப்பாக அமைந்த செயற்கை நூல் துணி. நம் வடிகட்டும் துணிக்கு ஒன்றுவிட்ட உறவு. அதற்கு எதிர்க்கழுவல் இல்லை. கழற்றிக் குழாயடியில் அலசினால் போதும். இவ்வூர்ப் புழுதிக்கு மாதம் இருமுறை அலச நேர்ந்து, முறைக்கு 200 லிட்டர் என்று கொண்டாலும் 400 லிட்டரே. ஆனால் சில ஆண்டுகளில் துணி நைந்து குப்பையாகும். மூன்றாவதாக டயட்டம் மண் வடிகட்டி ஒன்று உண்டு. மிக நுண்ணியதையும் பிடிக்கும்; அந்த மண்ணோ பண்டைக்காலத்து நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டானது. ஓருயிரின் கூட்டைக் கொண்டு மற்றோர் உயிரை வடிகட்டுவதா என்று நம் மனம் சற்றுத் தயங்கியது. அதன் தூளை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு என்றறிந்ததும் தயக்கத்திற்கு வேலையில்லாமற் போயிற்று.

ஆனால் நம்மைத் திடுக்கிடச் செய்த கணக்கு வேறு. கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியானால், 72 சதுர மீட்டர் பரப்பிலிருந்து 360 லிட்டர் மறையும். மாதம் 10,800 லிட்டர். மணலா துணியா என்று நாம் வாதிட்டுக்கொண்டிருக்கையில், இரண்டையும்விடக் கதிரவன் மிகுதியாகக் குடித்துவிடுகிறான்! குளிக்காத நேரமெல்லாம் குளத்தின் மேல் மூடுவிரிப்பு இட்டால் இதில் பெரும்பகுதி மிஞ்சும். மேலும் நீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கும். இப்பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு முன்னமே மிகுதி. ஆகையால் எந்த வடிகட்டியைப் பூட்டினாலும் அவ்வப்போது சிறிது நீரை வெளியேற்றியே ஆகவேண்டும். ஒரு துளியும் வீணாகாது என்று விற்பவர் கூறினால் நம்ப வேண்டா.

ஒன்றை மறைக்கலாகாது. சித்தன்னவாசல் ஓவியத்திலுள்ள தாமரைத் தடாகத்தில் பவ்வியர் மலர் கொய்கின்றனர். அவர்களோடு மீனும் பறவையும் யானையும் அந்நீரில் வாழ்கின்றன. நாம் கட்டும் குளத்திலோ குளோரின் இட்டு, எவ்வுயிரும் இல்லாதபடி செய்கிறோம். வடிகட்டியில் சிக்கியதைத் திரும்ப விடுவதற்குக் கிணறும் இல்லை. குளோரின் இடாதிருக்கலாமோ எனின், 2024-இல் கேரளத்தில் நீர்நிலைகளில் குளித்த சிறுவர் சிலர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தனர். ஆகவே இது இல்லறத்தாரின் ஆரம்ப இம்சையில் அடங்கும். கருதிச் செய்யும் கொலையன்று. ஆனாலும் இம்சையே. அதற்கு ஈடாக ஏதேனும் உயிர் காக்கப்பட்டால் அன்றி, அது வெறும் போகத்தின் பொருட்டுச் செய்ததாகவே முடியும்.

இவ்வாறெல்லாம் எண்ணிய பின்னரே அவருக்கு மடல் எழுதினோம். கார்ட்ரிட்ஜ் போடுக, மூடுவிரிப்பு வாங்குக, அலசும் நீரைத் தொட்டியில் வெயில் பட வைத்து, குளோரின் நீங்கிய பின் வேம்புக்கும் புங்கனுக்கும் விடுக. 2018-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என வரையறுத்தபோது, நகராட்சி நீரைக் கொண்டு நீச்சல் குளம் நிரப்புவதையும் தடை செய்தது. அதுபோல் ஊருணி வற்றிய ஆண்டில் குளத்திற்கு நீர் விடுவதில்லை என்று இப்போதே தீர்மானம் எழுதி வைக்குமாறு கேட்டோம். இறுதியாக, சனிக்கிழமைகளில் கல்குவாரியை ஒட்டிய குடியிருப்புகளிலும் ஆலைத் தொழிலாளர் தெருக்களிலும் உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி நீச்சல் கற்பிக்க வேண்டும் என்றும் குறித்தோம்.

கார்ட்ரிட்ஜுக்கும் விரிப்புக்கும் ஒரே வாரத்தில் இசைவு வந்தது. ஊருணித் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் வருமாம். சனிக்கிழமை பற்றி மட்டும் மறுமொழி இல்லை. ஐப்பசிக்கு முன்னர் விடை வேண்டுமென்று மீண்டும் எழுதியிருக்கிறோம்.