நோய் வினைப்பயனா?



மலையோரத்து வீடொன்றில் ஒரு குழந்தை மெலிந்து வாடினால், அல்லது பிள்ளை பெற்ற தாய் ஒருத்தி இரத்தம் குன்றிச் சாய்ந்தால், சுற்றியிருப்போர் முதலில் சொல்லும் சொல் எது? "தலையெழுத்து" என்பார் ஒருவர். "போன பிறவியில் செய்த வினை" என்பார் இன்னொருவர். திரிசரணம் ஏற்றுப் பஞ்சசீலம் காத்து வரும் நம் இல்லங்களிலும் இச்சொல் இன்னும் ஒழிந்தபாடில்லை. பழைய மதத்தை விட்டோம். அது சூட்டிய சாதிப் பெயரையும் விட்டோம். ஆயினும் சாதிக்கு வேராய் நின்ற இந்த ஒரு சொல்லை மட்டும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். தாழ்ந்த குடியிற் பிறந்தது பழவினை என்று நம்மை அடக்கிய வாய்தான், நோயுற்றதும் பழவினை என்று நமக்கு ஆறுதல் கூறுகிறது. முன்னதைப் பொய்யென்று கண்ட நாம் பின்னதை மெய்யென்று கொள்வது எங்ஙனம்?

இக்கேள்வியைப் பகவானிடமே ஒருவர் கேட்டதுண்டு. இராசகிருகத்து வேணுவனத்தில் மோளிய சீவகன் என்னும் துறவி அவரை அணுகி, மனிதன் நுகரும் இன்ப துன்பமெல்லாம் முன்செய்த வினையாலேயே வருவதென்று சிலர் போதிக்கிறார்களே, தாங்கள் என்ன சொல்லுகிறீர்கள் என்று வினவினார். பகவான் விடையாக எட்டுக் காரணங்களை எடுத்துரைத்தார் எனச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. பித்தம், ஐயம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாறுதல், உடலை ஏறுமாறாகப் பேணுதல், பிறரால் நேரும் தாக்குதல், இவை ஏழு. வினைப்பயன் எட்டாவது. வினையை அவர் மறுத்தாரில்லை. எட்டில் ஒன்றாக வைத்தார். எல்லாம் வினையே என்பவர், தாமே கண்டறியக் கூடியதையும் உலகம் மெய்யென்று ஒப்பியதையும் மீறிப் பேசுகிறார் என்று தெளிவுபடுத்தினார்.

ஆலையில் வேலை பார்த்த எவரும் இதனை எளிதில் உணர்வர். கதிரில் நூல் அடிக்கடி அறுந்தால் அது நூலின் விதியென்று எந்த மேஸ்திரியும் கைகட்டி நிற்பதில்லை. பஞ்சு தரமா, காற்றில் ஈரம் போதுமா, கதிர் நேராய் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாய்ப் பார்ப்பார். நூலுக்குக் காரணம் தேடுகிற மனிதன் தன் குழந்தைக்குக் காரணம் தேடாமல் விதியென்று விடுவது தகுமா?

ஆகவே நோய்க்குக் காரணம் தேடுவது பௌத்தனுடைய கடமை. அத்தேடலை நம் அடுக்களையிலேயே தொடங்கலாம்.

கோசல மன்னன் பசேனதி மிகையாக உண்டு, மூச்சுவாங்கப் பகவான் முன் வந்தமர்ந்தான். பகவான் அவனைப் பாவியென்று சபிக்கவில்லை. பட்டினி விரதம் விதிக்கவுமில்லை. அளவறிந்து உண்பவனுக்கு நோவு குறையும் என்னும் கருத்தமைந்த ஒரு பாடலைக் கூறினார். அரசன் சுதர்சனன் என்னும் இளைஞனை அதனைக் கற்கச் செய்து, உணவு வேளைதோறும் சொல்லவைத்தான். நாளடைவில் அவன் உணவு சுருங்கிற்று, உடலும் இலேசாயிற்று.

பகவான் கஞ்சியின் நன்மைகளைப் பத்தென்று எண்ணிக் கூறியதை விநய நூல் எடுத்துரைக்கிறது. ஆயுள், நிறம், சுகம், வலிமை, அறிவு ஆகியவற்றைத் தருவது. பசி தீர்ப்பது, தாகம் தணிப்பது, வாயுவைச் சீராக்குவது, நீர்ப்பையைத் தூய்மை செய்வது, செரியாது நின்றதைச் செரிப்பிப்பது. ஏழையின் மண்சட்டிக் கஞ்சி இவ்வளவு பெருமை பெற்ற சமயம் நம்முடையது. ஆயினும் நம்மவருள் பலர் கேழ்வரகுக் கூழையும் சாமைச் சோற்றையும் விருந்தினர் கண்ணிற் படாமல் மறைக்கின்றனர். ஏன்? வெள்ளையரிசிச் சோறு மேலோர் உணவு, கூழ் கீழோர் உணவு என்று பிறப்பைப் பிரித்த மனமே தானியத்தையும் பிரித்து வைத்தது. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. அதே எடையுள்ள தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. எலும்புக்குச் சாதி தெரியாது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின்னர், நம் பாட்டிமார் உண்டதற்காக இகழப்பட்ட அதே கேழ்வரகு நகரத்துக் கடைகளில் அழகிய உறையிட்டு ஏறிய விலைக்கு விற்கப்படுகிறது. உணவைப் பற்றிய வெட்கமும் சாதித்தளையே என்று அறிந்து அதனைக் களைய வேண்டும்.

ஆனால், "நல்ல உணவை உண்க" என்று சொல்லிவிட்டால் அறம் நிறைவேறிவிடுமா? உணவே மருந்து என்னும் வாசகம், உணவுள்ளவனுக்குச் சொல்லத் தக்கது. இல்லாதவனிடம் அதனைச் சொல்வது ஏளனமாகும். இதற்குச் சான்றாகப் பாலக்காட்டு மாவட்டத்தில், நீலகிரிச் சாரலிலே பவானியும் சிறுவாணியும் பாயும் அட்டப்பாடியைப் பாருங்கள். இருளர், முதுகர், குறும்பர் என்னும் மக்கள் புனம் வெட்டிக் கேழ்வரகு, சாமை, தினை, துவரை, அவரை ஆகியவற்றைக் கலந்து விதைத்து வாழ்ந்த நிலம் அது. அங்கு 1951-இல் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். இன்று பாதிக்கும் குறைவு. நிலம் கைமாறிற்று. பறிபோன நிலத்தை மீட்டளிக்கக் கேரளச் சட்டமன்றம் 1975-இல் சட்டம் இயற்றியும், பெரும்பகுதி திரும்பவில்லை. புனம் போனதும் தானியம் போயிற்று. கீரையும் பயறும் குறைந்தன. நியாயவிலைக் கடை அரிசியே உணவாயிற்று. 2013-இல் அங்குப் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து மடிந்த செய்தி நாட்டையே உலுக்கியது. தாய்மார் சோகைபிடித்திருந்தனர், குழந்தைகள் எடை குன்றியும் மாதம் நிறையாமலும் பிறந்தன.

அக்குழந்தைகள் எந்தப் பிறவியில் என்ன பாவம் செய்தன? இக்கேள்வியைக் கேட்கவே நா கூச வேண்டும். அங்கு நேர்ந்தது பகவான் கூறிய எட்டில் எது என்பதை நிலப்பத்திரங்களே சொல்லும். காரணம் கண்டபின் பரிகாரமும் பிறந்தது. ஊர்தோறும் சமுதாய அடுக்களைகள் திறக்கப்பட்டன. 2017-இல் சிறுதானியக் கிராமத் திட்டம் தொடங்கி, தரிசாய்க் கிடந்த நிலங்களில் மீண்டும் கேழ்வரகும் சாமையும் விதைக்கப்பட்டன. அட்டப்பாடித் துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றன. துயரம் முற்றும் தீர்ந்ததென்று சொல்லேன். விதியென்று இருந்திருந்தால் இதுவும் நடந்திராது.

இனி, நிலம் இழந்தோரிடமிருந்து, ஒருபோதும் நிலம் பெறாதோரிடம் வருவோம். பாலக்காட்டுக்குத் தெற்கே இடுக்கி மலையில், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் உழைப்போர் பெரும்பாலும் தமிழ் மக்கள், அவருள்ளும் ஒடுக்கப்பட்டோரே மிகுதி. மறையூரில் கரும்புவெல்லம் காய்ச்சப்படுகிறது. காந்தளூர், வட்டவடையில் வெள்ளைப்பூண்டு விளைகிறது. மலையெங்கும் மிளகும் ஏலமும் மணக்கின்றன. லயத்து வீட்டில் வாழும் பெண்ணோ இவற்றைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும். 2015-இல் மூணாற்றுப் பெண்கள் "பெண்கள் ஒற்றுமை" என்று கூடித் தெருவில் அமர்ந்தபோது அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். போராட்டத்தின் பின்னர் அது 301 ரூபாயாயிற்று. அந்தப் போராட்டமும் ஒருவகை மருத்துவமே. கூலி ஏறினால் சட்டியில் பருப்பு ஏறும். பருப்பு ஏறினால் தாயின் இரத்தம் ஊறும். மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் புகாரில் பசிப்பிணி தீர்த்ததோடு நில்லாமல், அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள். சோறிடுவதும் சிறையை மாற்றுவதும் அவளுக்கு ஒரே அறமாயின.

இனி மறுபுறத்து மயக்கம் ஒன்றுண்டு. விதியென்று கைவிடுவது ஓர் எல்லையானால், இயற்கை மருந்தே எல்லாம் தீர்க்கும் என்று மருத்துவமனையை இகழ்வது இன்னோர் எல்லை. இரண்டும் காரணத்தை ஆராயாமையே. சளிக்குச் சுக்கும் மிளகும் இட்ட கசாயம் இதமளிக்கும், நன்று. வயிற்றுப்போக்கில், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டுவது உயிர்காக்கும். உப்பிட்ட கஞ்சியும் துணையாகும். ஆயினும் குழந்தை சோர்ந்து கண் குழிந்தால், மூச்சு விரைந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், ஒரு நாழிகையும் தாமதியாமல் மருத்துவமனை செல்க. பாம்புக்கடிக்குப் பச்சிலை தேடி அலைய வேண்டா. நாய் கடித்த இடத்தைச் சவுக்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போடுக. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரலாகாது. வெல்லமும் சர்க்கரையே, நீரிழிவுள்ளோருக்கு அது மருந்தாகாது.

அட்டப்பாடி மக்களிடையே காணும் அரிவாள் வடிவ அணுச்சோகை பெற்றோர் இருவர் வழியாக இரத்தத்தில் இறங்குவது. எந்தக் கூழும் அதனை மாற்றாது. பிறப்பிலேயே வந்ததாயிற்றே, இதுவேனும் வினையன்றோ என்பார்க்கு விடை இதுதான்: இதற்கும் காரணம் உண்டு, இரத்தப் பரிசோதனையில் அது தெரியும், உரிய சிகிச்சையால் வேதனை குறையும். இதனை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023-இல் தொடங்கப்பட்டுள்ளது. அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியராயிருந்தே 1898-இல் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். நாடி பார்த்தவரே நமக்குத் தம்மமும் காட்டினார் என்பதை நாம் மறக்கலாகாது. பகவானும் தமக்கு நோய் வந்தபோது சீவக வைத்தியரின் மருந்தை உட்கொண்டார்.

வயிற்றுப்போக்கால் தன் அழுக்கிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பிறர் கவனியாது விட்டனர். பகவான் ஆனந்தருடன் சென்று, தம் கையால் நீர் வார்த்து அவரைக் கழுவிப் படுக்கையிற் கிடத்தினார். அவர் என்ன வினை செய்தார் என்று விசாரிக்கவில்லை. ஏன் ஒருவரும் பேணவில்லை என்றே பிக்குகளை விசாரித்தார். தம்மைப் பேண விரும்புவோர் நோயாளரைப் பேணுக என்றும் பணித்தார்.

ஆதலால் நம் சங்கத்தார் செய்யத்தக்கவை சில உண்டு. பௌர்ணமிக் கூட்டம்தோறும் கேழ்வரகுக் கூழைப் பொதுவில் காய்ச்சி, வெட்கமின்றி எல்லோரும் உண்போம். கருவுற்ற பெண்களைச் சோகைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். நோயுற்றோர் வீட்டுக்குப் போனால் விதியைப் பேசாமல், என்ன உண்டார், என்ன கூலி, எந்த மருத்துவர் பார்த்தார் என்று கேட்போம். குறை கண்ட இடத்தில் கூடிநின்று தீர்ப்போம்.

எல்லா உயிரும் நோயின்றி வாழ்க.