போதும் என்பது யார் சொல்ல வேண்டிய சொல்?

இல்லறத்தார் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களுள் முதல் நான்கில் எல்லைக்கோடு தெளிவாக இருக்கிறது. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறர்மனை நயவாமை ஆகியவற்றில் எது குற்றம் என்பதைச் சிறுவரும் அறிவர். ஐந்தாவதான மிகுபொருள் விரும்பாமையில் மட்டும் அக்கோட்டை நாமே வரைந்துகொள்ள வேண்டியுள்ளது. யாவற்றையும் துறந்த முனிவர்க்கு எது தேவை, எது மிகை என்னும் ஐயம் எழுவதில்லை. வீடு, நிலம், பாத்திரம், மின்விசிறி என்று பலவற்றோடும் வாழும் நமக்கு அவ்வையம் நாள்தோறும் எழுகிறது. இரண்டாம் வீடு வாங்குவதா, நகை சேர்ப்பதா என்பன போன்ற பெரிய செய்திகளில் மனச்சான்று விரைந்து பேசிவிடும். சிறு பொருள்களில்தான் அது தடுமாறுகிறது. அத்தகைய சிறு பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஈண்டுச் சிறிது சிந்திப்போம். நம் இல்லங்கள் பலவற்றில் தொலைக்காட்சியின் அருகே இருக்கும் செட்டாப் பாக்ஸ் என்னும் பெட்டியே அது. அதனை மாற்றிப் புதியது வாங்குவதா, உள்ளதையே வைத்துக்கொள்வதா?

இதற்கும் அறத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். விரதம் என்பது கோயிலில் ஏற்றுக்கொள்ளப்படினும் காக்கப்படுவது கடைவீதியில்தான் என்பதே நம் விடை.

தொலைக்காட்சி நம் மாநிலத்திற்குப் புதியதன்று. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அந்நாளில் கூரைமேல் ஓர் ஆன்டெனா இருந்தால் போதும். 1990களில் செயற்கைக்கோள் அலைவரிசைகள் வந்தன. கேபிள்காரர் தம் மாடியில் பெரிய டிஷ் வைத்துத் தெருவெங்கும் கம்பி இழுத்தார். வீட்டுக்கு வீடு சிறு டிஷ் வைத்து நேரே பெறும் முறைக்கு 2000ஆம் ஆண்டில் நடுவணரசு இசைவளித்தது. 2003இல் முதல் தனியார் சேவையும், 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் சேவையும் தொடங்கின. அன்றுமுதல் பெட்டிகள் வீடுகளுக்குள் வந்தன; வந்தவை சில ஆண்டுகளில் பழையன ஆயின. பழையனவற்றை என் செய்வது என்னும் வினாவும் உடன் வந்தது.

வந்தவாசி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நமக்குத் தெரிந்த முதிய தம்பதியர் உள்ளனர். இருவரும் எழுபதைக் கடந்தவர்கள். அவர்கள் வீட்டில் தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் சேவைக்குரிய பழைய பெட்டி ஒன்று இருந்தது. படம் அடிக்கடி கட்டங்கட்டமாக உறைந்து நின்றது. சில அலைவரிசைகள் வரவே இல்லை. சென்னையிலுள்ள மகன், இணைய வசதியோடு கூடிய புதிய பெட்டியை வாங்கித் தருவதாகச் சொன்னார். தந்தையோ, “இருப்பதே போதும், பரிக்கிரகத்தைப் பெருக்கலாகாது” என்று மறுத்துவிட்டார். அந்த அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. இருதிறத்தாரும் நம்மிடம் கருத்துக் கேட்டனர்.

ஆசிரியர் பயிற்சியில் நமக்கு முதலில் கற்பிக்கப்பட்டது, மாணவன் விடை தவறும்போது வினா சரியாக அமைந்ததா என்று நோக்க வேண்டும் என்பது. மாற்றுவதா, வைத்திருப்பதா என்று கேட்டால் இரு அணிகள்தாம் உருவாகும். ஆதலின் வினாவை நான்காகப் பிரித்துக்கொண்டோம். பழுது எங்கே உள்ளது? குறை யாருக்கு? புதிய பொருளோடு வேறு எவையெல்லாம் உள்ளே வரும்? பழைய பொருள் எங்கே போகும்?

முதல் வினா அறிவைச் சார்ந்தது. தூர்தர்ஷனின் இச்சேவை, 2015 நவம்பர் 11ஆம் நாள் ஏவப்பட்ட ஜிசாட்-15 என்னும் செயற்கைக்கோள் வழியாக வருகிறது. அது நிலநடுக்கோட்டிற்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. ஆகவே நம் பகுதியில் டிஷ் தென்கிழக்கு நோக்கி, நன்கு அண்ணாந்து நிற்க வேண்டும். காற்றிலோ, துணி உலர்த்துவோர் கைபட்டோ ஓரிரு பாகை விலகினாலும் படம் குன்றிவிடும். டிஷ்ஷின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்னும் கருவிதான் அலைகளைப் பெற்றுக் கம்பி வழியாக வீட்டினுள் அனுப்புகிறது. அதன் இணைப்பில் துரு ஏறினாலும், கம்பியில் மழைநீர் புகுந்தாலும், பெட்டிக்கு மின்சாரம் தரும் அடாப்டர் தளர்ந்தாலும் படம் உறையும். பெருமழை பொழியும்போது படம் மறைவது எவருடைய குற்றமும் அன்று. 10 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள இவ்வலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிவிடுகின்றன. எவ்வளவு விலை கொடுத்துப் புதுப்பெட்டி வாங்கினும் அம்மழையில் அதுவும் ஓய்ந்தே நிற்கும்.

மேற்கூறிய எவற்றிலும் பெட்டிக்குப் பங்கில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எனினும் கண்ணெதிரே இருப்பது பெட்டி ஆகையால் பழி அதன்மேல் விழுகிறது. நோய் ஓரிடத்தும் மருந்து வேறிடத்தும் ஆவது அறியாமையின் செலவு. அவ்வில்லத்தில் பழுது பார்ப்பவரை அழைத்து மாடிக்கு ஏற்றியபோது, எல்.என்.பி. இணைப்பில் துரு ஏறியிருந்ததும் டிஷ் சற்றுச் சாய்ந்திருந்ததும் தெரியவந்தன. முனையைப் புதிதாக்கி டிஷ்ஷைத் திருப்பி வைத்தபின் படம் உறையாமல் ஓடியது. மகனுடைய வாதத்தில் பாதி இவ்வாறு தீர்ந்தது.

மறுபாதி தீரவில்லை. சில அலைவரிசைகள் இப்போதும் வரவில்லை. இது துருவால் நேர்ந்ததன்று. படங்களைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் எம்பெக்-2 என்பது 1990களில் வகுக்கப்பட்டது. 2003இல் வந்த எம்பெக்-4 முறை ஏறத்தாழப் பாதி இடத்திலேயே அதே தரமுள்ள படத்தை அடக்கிவிடும். ஆதலின் ஒளிபரப்புவோர் அதனை நாடுகின்றனர். எம்பெக்-2 மட்டும் அறிந்த பழைய பெட்டிக்கு எம்பெக்-4 அறியாத மொழி. கற்பிக்கவும் இயலாது, பெட்டியைத்தான் மாற்ற வேண்டும். இங்கேதான் அறவினா உண்மையில் தொடங்குகிறது.

குறை யாருக்கு என்று கேட்டோம். பெரியவர் செய்தி மட்டும் கேட்பவர், அவருக்குக் குறையில்லை. பிறகு அந்த அம்மையாரைக் கேட்டோம். “கண் அறுவைக்குப் பிறகு கீழே ஓடும் எழுத்து தெரிவதில்லை. நான் பார்க்க நினைக்கும் இரண்டும் இதில் வருவதுமில்லை. ஆனால் பொத்தான் அதிகம் உள்ளது வேண்டாம், எனக்குப் பழகாது” என்றார். அவ்வளவு நாளும் அவரிடம் எவரும் கேட்டிருக்கவில்லை. தந்தையின் துறவுக்கும் மகனின் தாராளத்திற்கும் நடுவே அவர் வாளாவிருந்தார்.

தமக்குத் தாமே வரைந்துகொள்ளும் எல்லை விரதம் எனப்படும். அதனையே பிறர்மேல் சுமத்தினால் அது அதிகாரம். தமக்கு வேண்டாத ஒன்றை மறுப்பதில் துறவு ஏது? பெரியவர் துறந்தது தம் துணைவியாரின் வசதியையே. நம் இல்லங்களில் சிக்கனமும் எளிமையும் பல காலமாகப் பெண்டிரின் கணக்கிலேயே நடந்துவருவதை ஆடவர் எண்ணிப் பார்த்தல் நன்று. போதும் என்னும் சொல் உயர்ந்ததே. பயன்படுத்துபவர் வாயிலிருந்து வரும்போதுதான் அது உயர்ந்தது.

மற்றொன்றும் உண்டு. பழையதை விடாமல் வைத்திருத்தல் எப்போதும் பற்றின்மை ஆகாது. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர், மனத்தின் பற்றினையே பரிக்கிரகம் என்று வரையறுத்துள்ளார். பொருளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளந்தால் பழைய பெட்டிக்காரர் வென்றுவிடுவார். பற்றினைக் கொண்டு அளந்தால், செலவிட மனமின்றி வைத்திருப்பவர் உலோபம் என்னும் கஷாயத்தின் வயப்பட்டவர் ஆகலாம்; தேவையறிந்து வாங்கியவர் பற்றற்றவராக இருக்கலாம். செயல் ஒன்றே ஆயினும் உள்ளம் வேறுபடுகிறது. இதனைப் பிறர் தீர்ப்பிட இயலாது. அவரவர் தம்மைத்தாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவ்வாறாயின் தேவை என்ற பெயரால் எதனையும் வாங்கிவிடலாமே என்று ஒரு தடை எழும். அத்தடை வலியது. அதற்கு விடைதான் மூன்றாம் வினா. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் போகம், உபபோகம் என்று இரண்டாகப் பிரிக்கிறார். உணவு போல ஒருமுறை நுகர்ந்ததும் தீர்வது போகம். ஆடை போல மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். இரண்டிற்கும் அளவு வேண்டும் என்பது அவர் கருத்து. இதனை இங்கே பொருத்திப் பார்த்தால், பெட்டி உபபோகம். அதன்வழி வரும் காட்சியோ பார்த்ததும் தீர்ந்துபோகும் போகம். பெட்டி எத்தனை என்று எண்ணுகிறோம். நாழிகை எத்தனை என்று எண்ணுகிறோமா? பத்தாண்டு பழைய பெட்டியின்முன் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் அமர்ந்திருப்பவர் எளிமையாளர் என்று தம்மைக் கருதிக்கொள்ளலாம். அவர் உபபோகத்தில் சுருங்கிப் போகத்தில் பெருகியவர்.

மேலும், பயனின்றித் தீமை விளைப்பவற்றை விலக்கும் அனர்த்த தண்ட விரதத்தில், மனத்தைக் கலக்கும் தீயன கேட்டலும் விலக்கத்தக்கவற்றுள் ஒன்று. மகன் வாங்க விரும்பிய பெட்டியோடு இணையம் வரும்; மாதக் கட்டணம் வரும்; ஒன்று முடியுமுன் மற்றொன்று தானே ஓடத் தொடங்கும் காட்சி வரிசைகளும் வரும். பொழுது சாயுமுன் உண்டு முடித்து, பின்னர்ச் சிறிது படித்தும் பேசியும் உறங்கச் செல்லும் இல்லங்களில் அந்த மாலைப்பொழுதே பெருஞ்செல்வம். அதனை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதை எண்ணாமல் பெட்டியின் விலையை மட்டும் எண்ணுதல் தகாது.

மின்சாரத்தையும் கருத வேண்டும். ரிமோட்டில் அணைத்துவிட்டால் பெட்டி உறங்கிவிட்டது என்று பலரும் நினைக்கின்றனர். அது பெரும்பாலும் விழித்தே இருக்கிறது. 10 வாட் கொள்ளும் பெட்டி இடைவிடாது இருந்தால் நாளொன்றுக்கு 0.24 யூனிட், ஆண்டுக்கு ஏறத்தாழ 88 யூனிட் செலவாகும். சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பதற்குப் புதுப்பெட்டி தேவையில்லை.

நான்காம் வினா, பழையது எங்கே போகும் என்பது. இவ்வகைப் பெட்டியின் உள்ளே தகடும் ஈயப்பற்றும் பிளாஸ்டிக்கும் கலந்துள்ளன. குப்பைக்காரரிடம் போட்டால் எங்கோ ஓரிடத்தில் கம்பிகளை எரித்துச் செம்பு எடுப்பர். அமிலத்தில் இட்டு உலோகம் பிரிப்பர். அப்புகை அதைச் செய்யும் ஏழையின் மூச்சில் புகும். அக்கழிவுநீர் மண்ணிலுள்ள எண்ணற்ற சிற்றுயிர்களை மாய்க்கும். நீரை வடிகட்டிப் பருகும் மரபினர் நாம். நம் வீட்டிலிருந்து வெளியேறும் பொருளால் நேரும் கொலைக்குக் கண்மூடலாமா? 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைக்கின்றன. உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரும்படி கொடுத்தல் நம் பொறுப்பு.

அதனினும் மேலானது, இயங்கும் பொருளை வேண்டுவோர்க்குக் கொடுத்தல். கட்டணச் சேவைகளின் பெட்டியில் இது அரிது. ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொன்றின் ஒளிபரப்பைத் திறக்காதவாறு பூட்டப்பட்டிருக்கும். எந்தப் பெட்டியும் எந்தச் சேவைக்கும் பொருந்த வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் பரிந்துரைத்தது. பெட்டியே தேவைப்படாமல், தொலைக்காட்சியினுள்ளேயே ஏற்கும் கருவி அமைந்திருத்தற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஒரு தரத்தை வகுத்தது. புதிய தொலைக்காட்சி வாங்க எண்ணுவோர் அவ்வசதி உள்ளதா என்று கடையில் கேட்டறிந்தால், ஒரு பெட்டியே குறையும்.

அவ்வில்லத்தில் முடிவாக நடந்தது இது. இணையம் இல்லாத, மாதக் கட்டணம் இல்லாத, எம்பெக்-4 அறிந்த எளிய பெட்டி ஒன்று வந்தது. மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளுக்கு மாற்றாக எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்ததில் எழுத்துகள் தெளிந்தன. மகன் ரிமோட்டில் வேண்டாத பொத்தான்களைக் காகிதம் ஒட்டி மறைத்துக் கொடுத்தார். பழைய பெட்டி, டிஷ் இருந்தும் பெட்டி பழுதாகிக் கிடந்த அண்டை வீட்டு விவசாயத் தொழிலாளிக்குச் சென்றது. எவை இதில் வாரா என்பதையும் சொல்லியே பெரியவர் கொடுத்தார். குறையை மறைத்துக் கொடுக்கும் கொடையில் பொய்யாமை கெடும் அன்றோ? அத்தோடு அவர், இனி இருவரும் பேசித் தீர்மானித்தாலன்றி எதனையும் வேண்டாம் என்றும் சொல்வதில்லை என உறுதி கொண்டார். ஒன்றை விட்டுவிடுவதற்கு மட்டுமன்றி, தாமே முடிவு செய்யும் உரிமையை விட்டுவிடுவதற்கும் விரதம் உண்டு.

எல்லா இல்லங்களுக்கும் இதே முடிவு பொருந்தும் என்று நாம் கூறவில்லை. படம் உறையும் குறை மட்டும் உள்ள வீட்டில் துருவைத் துடைத்தலே போதும். அங்கே புதுப்பெட்டி மிகையே. போக உபபோகங்களுக்கு வரைந்துகொள்ளும் அளவு, வாழ்நாள் முழுமைக்கும் கொள்ளும் யமமாகவும், குறித்த காலத்திற்குக் கொள்ளும் நியமமாகவும் இருக்கலாம் என ஆசாரியர் வகுத்துள்ளார். வரும் தசலட்சணப் பருவத்தில் ஒவ்வோர் இல்லத்தாரும் ஒருங்கமர்ந்து ஓராண்டுக்கு ஒரு நியமம் கொள்ளலாம்: பழுது எங்கே என்று அறியாமல் எதனையும் மாற்றுவதில்லை, மாற்றுமுன் வீட்டில் மிகக் குறைவாகப் பேசுபவரை முதலில் கேட்பது, பழையதற்கு இடம் காணாமல் புதியதை வாங்குவதில்லை, நாளொன்றுக்கு இத்தனை நாழிகை என்னும் அளவைக் கடப்பதில்லை. இந்நான்கையும் காத்தால், வாங்கினும் குற்றமில்லை, வாங்காவிடினும் பெருமையில்லை.

அறம் வளர்க.