கயிறு பிடிக்கும் கை

உங்களிடம் ஒரு கேள்வி. உங்களுக்குத் துளியும் தெரியாத பாடத்தை உங்கள் மகள் படிக்கிறாள். அதில் உங்களுக்கு என்ன வேலை?

'ஃபீஸ் கட்டுறேன், டியூஷன் வச்சிருக்கேன், வேற என்னங்க செய்யணும்?' என்று கேட்பவர்கள் உண்டு. 'நமக்கு என்ன தெரியும், எல்லாம் டீச்சர் பார்த்துக்கிடுவாங்க' என்று ஒதுங்குகிறவர்களும் உண்டு. முதல் குரல் நகரத்து அபார்ட்மென்ட்டில் கேட்கும். இரண்டாவது குரல் கடற்கரையிலும் கரிசல் காட்டிலும் செங்கல் சூளையிலும் கேட்கும். பையில் இருக்கும் பணத்தில்தான் வித்தியாசம். அர்த்தம் ஒன்றுதான்: பெத்தது நாங்க, படிக்க வைக்கிறது வேற ஆள்!

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டி ஆலந்தலை என்று ஒரு மீனவ ஊர் இருக்கிறது. முத்துக்குளித்துறை என்று உலகமே சொன்ன கரையில் அதுவும் ஒன்று. நம் கேள்விக்கு அந்தக் கரையிடம் ஒரு பழைய பதில் இருக்கிறது.

முத்துக்குளிக்கிறவர் கல்லின் கனத்தில் கடலுக்குள் இறங்குவார். மூச்சு தாங்கும் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் சிப்பிகளை அள்ளிப் பையில் போட வேண்டும். மூச்சு முட்டினால் கயிற்றைச் சுண்டுவார். படகில் இருப்பவர் உடனே மேலே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று அந்தப் பக்கம் சொல்வதுண்டு. உடன்பிறந்தவளின் தாலியை நினைத்தாவது கவனமாகப் பிடிப்பான் அல்லவா!

1961-ல் தூத்துக்குடியில் நடந்ததுதான் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. தொழில் போய்விட்டது. ஆனால் அந்தக் கயிறு சொல்லும் பாடம் போகவில்லை. மேலே இருப்பவர் ஒரு சிப்பியைக்கூட எடுப்பதில்லை. கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனாலும் அவர் கவனம் பிசகினால் எல்லாம் போச்சு. பிள்ளையின் படிப்பில் பெற்றோரின் இடம் அதுதான். கற்றுக்கொடுப்பது உங்கள் வேலை என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சின்ன அசைவு கையில் தட்டுப்படுகிறதா என்பதுதான் கேள்வி.

நாம் இரண்டு தப்பு செய்கிறோம். ஒன்று, கயிற்றை அப்படியே கீழே போட்டுவிடுவது. பிள்ளை எந்த செக்‌ஷன் என்றுகூட அப்பாவுக்குத் தெரியாது. ரேங்க் கார்டு வரும் அன்று மட்டும் திடீரென்று ஞாபகம் வந்து ஒரு கத்து கத்துவார். இன்னொன்று, பிள்ளைக்குப் பதிலாகத் தானே கடலில் குதிப்பது. மூன்றாம் வகுப்புப் பிராஜக்ட்டை ராத்திரி பன்னிரண்டு மணி வரை அம்மா ஒட்டிக்கொண்டிருப்பார். பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். முதலாவது அலட்சியம் என்று ஊருக்கே தெரியும். இரண்டாவதும் ஒருவகையில் கைவிடுவதுதான். அதைப் பாசம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

'படிக்காதவன் என்னத்தைக் கேட்பான்?' என்கிறீர்களா? இதே கரையில் 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஆட்டியபடி தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். 1544-ல் அவர் எழுதிய கடிதங்களில் ஆலந்தலையின் பெயரும் வருகிறது. பிள்ளைகளிடம் அவர் சொன்ன ஒரு விஷயம் முக்கியம்: இங்கே படித்ததை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள். அவர் நோக்கம் மதம். ஆனால் அந்த வழியை எந்தப் பாடத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். பாடம் வீட்டுக்குள் பிள்ளை வழியாகத்தான் வந்தது. பெரியவர்கள் கேட்டார்கள். தெரியாதவர் முன்னால் பாடம் சொல்லும்போதுதான் தனக்கு எங்கே புரியவில்லை என்று பிள்ளைக்கே பிடிபடும். அப்படிப் பார்த்தால் படிக்காத அப்பா ரொம்ப நல்ல மாணவர்!

சும்மா கேட்பது மட்டுமா? கடலுக்குப் போகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். கரையில் தெரியும் ஒரு கோபுரமும் ஒரு மரமும் ஒரே கோட்டில் வர வேண்டும், வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளம் சேர வேண்டும். இரண்டு கோடும் சந்திக்கிற இடத்தில்தான் மீன் கிடக்கும் பார். பள்ளிக்கூடத்தில் ஜியாமெட்ரி என்று நடத்துவது இதைத்தான். அப்பாவும் மகளும் உட்கார்ந்து பேசினால் இரண்டு பேருக்குமே ஆச்சரியம் காத்திருக்கிறது.

சரி, நேரம்? விடியுமுன் படகேறுகிறவரிடம், மீன்கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கிற அம்மாவிடம், 'பிள்ளையைக் கவனி' என்று அறிவுரை சொல்வது சுலபம். மீன் ஏலம் போகிற நேரத்தில் பெற்றோர் கூட்டம் வைத்துவிட்டு, 'இவங்களுக்கு அக்கறையே இல்லை' என்று குறை சொன்னால் அது நியாயமா? நைட் டியூட்டி பார்க்கிற செக்யூரிட்டிக்கும் இதே கதிதான். கயிறு பிடிக்க வருகிறவருக்குப் படகில் ஓர் இடம் ஒதுக்குவது பள்ளிக்கூடத்தின் கடமை. வந்தவரை நிற்க வைத்துத் திட்டி அனுப்பினால் மறுபடி எப்படி வருவார்?

அந்த இடத்தைச் சட்டமே போட்டுக் கொடுத்திருக்கிறது. 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சிக்குத் திட்டம் போடுவதும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இவர்கள் வேலை. அரசு உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழு ஆலோசனை சொல்லலாம். குழுவில் உட்கார என்ன படித்திருக்க வேண்டும்? சட்டம் அதைக் கேட்கவே இல்லை! தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். நாற்காலி போட்டாகிவிட்டது. அதில் உட்கார்ந்து, 'எங்க புள்ளைங்களுக்குத் தண்ணி வரலை, கணக்கு டீச்சர் இல்லை' என்று தயங்காமல் பேசுகிறோமா என்பது நம் கையில்.

இதெல்லாம் பெரிய விஷயமாகத் தோன்றினால் சின்னதாக ஆரம்பியுங்கள். இன்று ராத்திரி டி.வி.யையும் செல்போனையும் அணைத்துவிட்டு, 'எத்தனை மார்க்?' என்று கேட்காமல், 'இன்னிக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லிக் கொடு' என்று கேளுங்கள். முதல் நாள் சிரிப்பாள். இரண்டாவது நாள், 'உனக்குப் புரியாதுப்பா' என்பாள். விட்டுவிடாதீர்கள். ஒருநாள் பாடத்தை விட்டுவிட்டு வேறு ஏதோ சொல்ல ஆரம்பிப்பாள். யாரோ கேலி செய்தது, ஏதோ ஒரு பயம், பள்ளிக்கூடமே வேண்டாம் என்று ஒரு வெறுப்பு.

கயிறு சுண்டுவது அப்போதுதான். உங்கள் கை அதில் இருக்க வேண்டும்.