இது என்ன வண்டி?

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரை எட்டுவதற்கு முன்னால் வருகிற பாடாலூரில், இராப்பகல் என்ற பேதமில்லாமல் லாரிகளும் பேருந்துகளும் இரைந்து ஓடுவதைக் கண்டு பழகியவர்களுக்கு, சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, ஒரு பட்டறையின் வேப்பமரத்தடியில் நிற்கும் சிறு வண்டி ஒன்று கண்ணில் படாமலே போயிருக்கலாம். இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது. சதுரக் குழாய்களை அறுத்துப் பற்றவைத்த சட்டகம். காயலான் கடையில் எடைக்கு வாங்கிய பழைய மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் இன்ஜின். முன்விளக்குகள் இரண்டும் ஏதோ புல்லட்டுகளில் இருந்து கழன்றவை. பற்றவைத்த இடங்களில் விரலை ஓட்டிப் பார்த்தால் பிசிறு தட்டாது. அத்தனை பொறுமையாக ராவியிருக்கிறார் பட்டறைக்காரர். மூன்று வருஷத்து மாலைப்பொழுதுகள் அந்த வண்டிக்குள் இருக்கின்றன.

பதிவில்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது என்பது சட்டமாகையால், ஓடக்கூடிய அந்த வண்டியை ஓடாத சாமான் போல ஒரு மினி லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, ஒரு போக்குவரத்து அலுவலகத்துக்கு அவர் கொண்டுபோன அன்று, துணைக்கு நானும் போயிருந்தேன். எந்த ஊர் அலுவலகம் என்பது இங்கே வேண்டாத விவரம். மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது நம் பக்கத்து ஜனங்கள் இன்றைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்லும் அந்த உத்தியோகஸ்தர், நல்ல மனிதர். வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிரேக்கைக் காலால் அழுத்திப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கேட்டார்:

“வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா, இது என்ன வண்டி?”

“நான் செஞ்ச வண்டி சார்.”

“அது தெரியுதுங்க. என்ன வண்டின்னு கேட்டேன்.”

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கும் பதில் தெரியவில்லை. திரும்பி வரும்போது லாரியின் முன்பக்கத்தில் மூன்று பேராக நெருக்கி உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரமும், அதற்குப் பிறகு பல நாட்களும், அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சட்டத்தின் நிலை இது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, பதிவு இல்லாமல் எந்த வாகனமும் பொது இடத்தில் ஓடலாகாது என்கிறது. அந்தப் பதிவுக்கு, சாலையில் ஓடத் தகுதியுடையது இவ்வாகனம் என்று அதைத் தயாரித்தவர் தரும் 22-ஆம் எண் படிவம் வேண்டும். தயாரிப்பாளர் அப்படிச் சொல்லும் அதிகாரம் பெறுவதற்கோ, 1989-ஆம் வருஷத்து மத்திய விதிகளில் 126-ஆவது விதியின்படி, தாம் செய்யப் போகும் வாகனத்தின் முதல் மாதிரியைப் புணேயிலோ மானேசரிலோ உள்ள சோதனைக் கூடங்கள் போன்ற ஒன்றில் ஒப்படைத்து, அது தேறிவிட்டது என்று சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ஒரு மாதிரி தேறிவிட்டால், அதே அச்சில் வார்த்த லட்சம் வண்டிகளும், ஒவ்வொன்றாக அந்தச் சோதனைக்குப் போகாமலே, தேறியவை ஆகிவிடுகின்றன. ஆக, சட்டம் சோதிப்பது வண்டியை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் அது சோதிப்பது வண்டியின் ஜாதியை.

இந்தச் சொல்லை நான் நியாய வைசேஷிக சாஸ்திரத்தின் பொருளில் சொல்கிறேன். பல பசுக்களைக் கண்ட ஒருவன் எல்லாவற்றையும் ‘பசு’ என்ற ஒரே சொல்லால் எப்படி அறிகிறான் என்ற கேள்விக்கு, அவை எல்லாவற்றிலும் ஊடுருவி நிற்கும் பசுத்தன்மை என்ற சாமானியம் ஒன்று உண்டு, அதுவே ஜாதி என்று தார்க்கிகர்கள் விடை சொன்னார்கள். எதை ஜாதி என்று கொள்ளலாகாது என்பதற்கும் வரம்பு கட்டினார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உதயனர் காட்டிய தடைகளில் முதலாவது, வியக்தி, அதாவது தனிப்பொருள், ஒன்றே ஒன்றாக இருப்பது. ஆகாசம் ஒன்றுதான், ஆகவே ஆகாசத்தன்மை என்று ஒரு ஜாதி கிடையாது. பலவற்றுக்குப் பொதுவாக இருப்பதுதானே பொது? பாடாலூர் வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியின் கஷ்டமும் இதுவே. அது ஒன்றே ஒன்று. ‘என்ன வண்டி’ என்று ஜாதியைக் கேட்டவருக்கு, வியக்தியைக் காட்டி நின்றார் பட்டறைக்காரர். இருவரும் பேசியது தமிழ்தான். ஆனால் ஒருவர் கேட்ட பதார்த்தம் வேறு, மற்றவர் காட்டிய பதார்த்தம் வேறு. ஈசுவரன் உண்டு என்பதை நாட்டுவதற்கென்றே நியாய குசுமாஞ்சலி எழுதியவர் அதே உதயனர்தாம் என்பதையும், ஈசுவரனும் ஒருவனேயாகையால் ஈசுவரத்தன்மையும் ஜாதி ஆகாது என்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்த எளிய வண்டி எவ்வளவு பெரிய கூட்டாளியோடு வரிசையில் நிற்கிறது என்று சிரிப்பு வருகிறது.

படிவத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்திருந்தது. பதிவுக்கான 20-ஆம் எண் படிவத்தில் உரிமையாளர் பெயருக்கு ஓர் இடமும் தயாரிப்பாளர் பெயருக்கு வேறோர் இடமும் உண்டு. நம்மவர் இரண்டு இடத்திலும் தம் பெயரையே எழுதிவிட்டார். ஆக்கியவனும் உடையவனும் ஒருவனே என்பது கோயிலில் சித்தாந்தம்; அலுவலகத்து ஜன்னலில் அது பிழை. குடம் இருந்தால் குயவன் இருக்கத்தான் வேண்டும், உலகம் இருப்பதால் அதற்கொரு கர்த்தா இருக்கத்தான் வேண்டும் என்று சைவ ஆசிரியர்கள் அனுமானித்தார்கள். குயவனே குடத்தைத் தூக்கிக்கொண்டு எதிரில் வந்து நின்றும், ‘குயவன் யார்?’ என்று கேட்கும் நிலை அவர்களுக்கு வாய்க்கவில்லை.

பாடாலூருக்குப் பக்கத்தில் ஊட்டத்தூர் என்ற ஊரில் சுத்தரத்தினேசுவரர் சுயம்புவாக எழுந்தருளியிருக்கிறார். இராஜராஜன் வரும் வழியில் புல் செதுக்கியபோது மண்வெட்டி பட்டு இரத்தம் பீறிட, லிங்கம் வெளிப்பட்டது என்று தல வரலாறு சொல்லும். வெட்டின் தழும்பு திருமேனியில் உண்டு என்பார்கள். சிற்பி செய்த மூர்த்திக்கு அளவும் லட்சணமும் பார்த்து, கண் திறந்து, பிரதிஷ்டை செய்தாக வேண்டும். சுயம்புவிடம் எந்த ஆகமக்காரரும் அளவுகோலை நீட்டுவதில்லை, தழும்பே அடையாளம். சமயம் தன் விதிகளுக்குள்ளேயே விதிக்கு அடங்காததற்கு ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறது. போக்குவரத்துச் சட்டத்தில் சுயம்புவுக்கு இடமில்லை.

தழும்பு என்றதும் நினைவுக்கு வருவது சேசிஸ் நம்பர். பழைய வண்டி ஒன்று கைமாறும்போது அந்த எண்ணைப் பிரதி எடுக்கும் விதத்தைப் பார்த்திருப்பவர்கள் அறிவார்கள்: இரும்பில் பொறித்த இடத்தில் துருவையும் கிரீஸையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால், கருமைக்கு நடுவே வெள்ளையாக எண் எழும்பி வரும். இந்த வேலையைப் பட்டறைக்காரர் எத்தனையோ பேருக்குச் செய்துகொடுத்திருக்கிறார். இராணுவ ஏலத்தில் வந்த பழைய ஜீப்புகளும் அவர் கைக்கு வந்ததுண்டு. தகரம் போய்ப் புதுத் தகரம், இருக்கை போய்ப் புது இருக்கை, கியர், சக்கரம், கம்பி எல்லாமே போய் வேறு வந்து, கடைசியில் பழையது என்று சொல்ல அந்த எண் பொறித்த இரும்பைத் தவிர அதிகம் மிஞ்சாது. இருந்தும் தாளில் எண் எழும்பியவுடன், அதே ஜீப் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அதிலும் 2019 ஜனவரியில், தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, இந்த வித்தையின் எல்லை சுருங்கிவிட்டது.

பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த அரசனிடம் தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று கேட்டார் என்பது பௌத்தர்கள் போற்றும் சம்வாதம். அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் ஆலத்தூர் வட்டத்திலேயே சாத்தனூரில் கல்மரம் கிடக்கிறது. பன்னிரண்டு கோடி ஆண்டுக்கு முந்தியது, பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளம், 1940-இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்தது. மரத்தின் அணு ஒவ்வொன்றாக விலகி அந்த இடத்தில் கல் புகுந்துவிட்டது. உபாதானம், அதாவது ஆன பொருள், முழுவதும் மாறிற்று, உருவம் மாறவில்லை, மரம் என்றே அழைக்கிறோம். ஜீப்பில் உருவமும் மாறிற்று, உபாதானமும் மாறிற்று, எண் மட்டும் நின்றது. அதே ஜீப் என்கிறோம். வேப்பமரத்தடி வண்டியிலோ எதுவும் மாறவில்லை, செய்தவன் கையில் ரேகை கூட இன்னும் மாறவில்லை. அதற்குத்தான் ‘இது என்ன’ என்ற கேள்வி.

பாடாலூர்க்காரருக்கு முன்னவர்கள் இல்லாமல் இல்லை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்து ஓட்டத் தொடங்கிய கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு, 1952-இல் இரண்டு பேர் போகும் கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய் அடக்கத்தில் செய்து காட்டினார். அரசாங்கம் லைசென்ஸ் தர மறுத்ததால் அது அத்தோடு நின்றது. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்துத் தேவராஷ்ட்ரே கிராமத்துக் கொல்லர் ஒருவர் பழைய இரும்பைக் கொண்டு அறுபதாயிரம் ரூபாயில், காலால் உதைத்துக் கிளப்பும் குட்டி ஜீப் செய்ததை 2021 டிசம்பரில் நாடே பார்த்தது. விதிக்கு உட்படாததால் இன்றோ நாளையோ அதிகாரிகள் தடுத்துவிடுவார்கள் என்று சொன்ன தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா, பதிலுக்குப் புது பொலேரோ கொடுத்து, குட்டி ஜீப்பைத் தம் ஆராய்ச்சி நிலையத்துச் சேகரத்தில் சேர்ப்பதாகச் சொன்னார். பெருந்தன்மைதான், ஐயமில்லை. ஆனாலும் மியூசியத்தில் கண்ணாடிக்குள் நிற்கும் உற்சவ மூர்த்தியைப் பார்க்கும்போது உண்டாகிற ஒரு சங்கடம் எனக்கு இதிலும் உண்டாயிற்று. பார்ப்பார்கள், மெச்சுவார்கள், வீதி உலா மட்டும் கிடையாது.

பிரிட்டனில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். 1957-இல் காலின் சாப்மன் தம் லோட்டஸ் செவன் காரைப் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்ற காலத்திலிருந்தே, வீட்டுக் கொட்டகையில் கார் கோப்பது அந்நாட்டவர்க்கு ஒரு பித்து. அப்படிச் செய்த தனி வண்டிக்கென்றே 1998-இல் ஒரு சோதனை ஏற்படுத்தி, 2009-இல் அதைக் கடுமையான வேறொன்றாக மாற்றினார்கள். ஆய்வாளர் பிரேக், புகை, கண்ணாடி எல்லாம் பார்ப்பதோடு, மேனியில் துருத்தும் விளிம்பு 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் மழுங்கியிருக்கிறதா என்றும் பார்க்கிறார். ஜாதியைக் கேட்காமல் வியக்தியைத் தொட்டுப் பார்க்கிற சோதனை.

பின்னால் கண்ணப்பர் ஆன வேடர் திண்ணனாரின் கதையை நான் சிறு வயதிலிருந்து கேட்டு வருகிறேன். இந்த வண்டி விவகாரத்துக்குப் பிறகே அதில் சிவகோசரியார் மேல் என் கவனம் திரும்பிற்று. காளத்தி மலையில் ஆகம விதி தவறாமல் பூஜை செய்துவந்த அவர், ஒரு நாள் வந்து பார்க்கையில் சந்நிதியில் இறைச்சியும் எலும்பும் கிடந்தால் என்ன செய்வார்? பதறினார், துடைத்தார், பரிகாரம் செய்து மறுபடி பூஜித்தார். மறுநாளும் அப்படியே. வாயில் கொணர்ந்த நீரால் அபிஷேகமும், தலையில் சூடி வந்த பூவால் அர்ச்சனையும், பல்லால் கடித்து ருசி பார்த்த ஊனால் நைவேத்தியமும் எந்த ஆகமத்தின் எந்தப் படலத்தில் இருக்கின்றன? ‘இது என்ன பூஜை?’ என்று அவர் கேட்டது நியாயம். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. விதி பிசகு என்றோ, இனி யாரும் இறைச்சி படைக்கலாம் என்றோ கனவில் சொல்லவில்லை. மறைந்திருந்து பார் என்றான். ஆறாம் நாள் அவர் ஒளிந்திருந்து பார்க்கையில், குருதி பெருகிய திருக்கண்ணில் தன் ஒரு கண்ணைப் பெயர்த்து அப்பிவிட்டு, மற்றொரு கண்ணும் பெருகவே, இடம் தெரியாமல் போகாதிருக்கக் காலை அந்த இடத்தில் ஊன்றிக்கொண்டு, இருந்த ஒரே கண்ணிலும் அம்பை வைத்தான் வேடன். வண்டியைச் சுவரில் மோதிப் பார்க்கும் சோதனைக்கு அஞ்சுகிறோமே, அதைவிட உக்கிரமான சோதனை. காளத்தியில் இன்றும் ஆகம பூஜைதான் நடக்கிறது. கண்ணப்பரும் சந்நிதியில் இருக்கிறார். ஒருவருக்காக விதி மாறவில்லை. விதிக்காக ஒருவர் தள்ளப்படவும் இல்லை. இதற்கு வேண்டியதெல்லாம், விதி அறிந்த ஒருவர் ஒரு நாள் ஒளிந்திருந்து பார்க்கச் சம்மதிப்பதுதான்.

ஆனால் ஒரு பேதத்தை மறைத்தால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். திண்ணனார் பெயர்த்தது தம் கண்ணை. பிரேக் பிடிக்காத வண்டி பெயர்ப்பது பிறர் கண்ணை. பால் கேனோடும் பள்ளிப் பையோடும் பாடாலூரில் சாலை கடந்து பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்தி செய்பவனுக்கும் இறைவனுக்கும் நடுவே மூன்றாமவன் இல்லை. சாலையில் எப்போதும் மூன்றாமவன் உண்டு, அவன் பெயர் நமக்குத் தெரியாது. ஆகவே ஆய்வாளர் கேட்டது தப்பு என்று என்னால் சொல்ல இயலாது. கேட்டதோடு நின்றுவிட்டதுதான் எனக்கு வருத்தம். அதுவும் அவர் குற்றமன்று. அவருக்கு ஒளிந்திருந்து பார்க்க ஒரு மறைவிடம் எந்த விதியிலும் கட்டி வைக்கவில்லை.

இதையெல்லாம் ஒரு நாள் பட்டறைக்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி சார், அவரு பிரேக்க மிதிச்சுப் பார்த்தாருல்ல, அப்ப மூஞ்சியப் பார்த்தீங்களா?” என்றார். பார்த்தேன் என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

போன ஆயுத பூஜையன்று பட்டறைக்குப் போயிருந்தேன். பட்டறைக்காரரின் சோளக்காட்டு வரப்போரத்து மண்பாதையில் மட்டும் ஓடும் அந்த வண்டியையும் கழுவி, பழுதுக்கு வந்திருந்த இரண்டு டிராக்டர்களுக்கும் ஒரு டிப்பர் லாரிக்கும் நடுவே நிறுத்தியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் வரிசையாகச் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தான் பட்டறைப் பையன். மற்ற வண்டிகளில் நம்பர் மறைந்துவிடாமல் ஓரமாகச் சின்னதாக வைத்தான். இந்த வண்டியில் நம்பர் பலகைக்கென்று விட்ட இடம் வெறும் தகரமாக இருந்தது. கையில் இருந்த சந்தனத்தை முழுக்க அங்கே அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டு, அடுத்த டிராக்டருக்கு நகர்ந்தான்.