யார் ஒட்டிய கிளி?

பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினால், அம்மாவோ பாட்டியோ பள்ளிக்கூடத்தில் தைத்த துணி ஒன்று அகப்படும். சங்கிலித் தையலில் ஒரு ரோஜா, ஒரு கிளி. ஓரத்தில் கோணல்மாணலாக அவர்கள் பெயர். உங்கள் வீட்டிலும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

இங்கிலாந்தில் இதை 'சாம்ப்ளர்' என்பார்கள். 19-ம் நூற்றாண்டில் பிரிஸ்டல் நகரத்தில் ஜார்ஜ் முல்லர் நடத்திய அநாதை இல்லத்துச் சிறுமிகள், சிவப்பு நூலால் எழுத்து, எண், பறவை, பூ என்று துணி கொள்ளாமல் தைத்தார்கள். பொழுதுபோக்குக்காக அல்ல. வீட்டு வேலைக்குப் போகும்போது, 'எனக்குத் துணியில் அடையாளம் தைக்கத் தெரியும்' என்று காட்டுகிற சர்ட்டிபிகேட் அது. இன்றைக்கு அதையே ஏலத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கி, கண்ணாடி போட்டு மாட்டுகிறார்கள்.

நம்ம ஊரிலும் அப்படி ஒன்று உண்டு. தீப்பெட்டி லேபிள். கிளி, மயில், யானை என்று சிவகாசியில் அச்சான பழைய லேபிள்களை ஆல்பம் போட்டுச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சும்மா சொல்லக் கூடாது, அத்தனை அழகு!

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்று வந்த தொழில் அது. வானம் பார்த்த கரிசல் பூமிக்குச் சோறு போட்டது. ஆனால் 1980-களில் சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் விடியும் முன்பே பஸ் வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனதும் உண்மை. குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட, லேபிள் ஒட்ட. 1996-ல் சுப்ரீம் கோர்ட், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

'அப்படியானால் ரசிப்பதே தப்பா?' என்று கேட்பீர்கள். தப்பில்லை. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? ஒரு குழந்தையின் கஷ்டம் பழசாகிவிட்டால், நமக்கு அது கலைப்பொருள் ஆகிவிடுகிறது! பிரிஸ்டல் சிறுமியாவது தன் பெயரைத் தைத்து வைத்தாள். 'யாரம்மா நீ?' என்று நம்மைக் கேட்க வைக்கிறாள். லேபிளில் கம்பெனி பெயர் இருக்கிறது. ஒட்டிய பிள்ளையின் பெயர் இல்லை.

பிரிஸ்டல் சிறுமியிடம் இனி யாரும் எதுவும் கேட்க முடியாது. இந்தக் கிளியை ஒட்டியவளுக்கு இப்போது ஐம்பது வயதுதான் இருக்கும். விருதுநகர் பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில்கூட உட்கார்ந்திருப்பார். லேபிளைச் சேர்க்கிறோம், சரி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?