மறைந்திருக்கும் வேலையும் மனச்சாட்சியும்

ஒரு வீட்டிலே விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரையில் அதைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. அது அணைந்த மறுகணமே வீடு அல்லோலகல்லோலப்படுகிறது. மின்விசிறி நின்றுவிடுகிறது, குளிர்பெட்டியிலுள்ள மீனும் இறைச்சியும் என்ன ஆகுமோ என்ற கவலை பிறக்கிறது, பிள்ளைகள் இருட்டில் கூச்சலிடுகிறார்கள். அப்பொழுதுதான், "யாரைக் கூப்பிடுவது?" என்ற கேள்வி எழுகிறது. அந்த அவசரத்தில், யார் உடனே வருவார், எவ்வளவு கேட்பார் என்ற இரண்டை மட்டுமே நாம் பார்க்கிறோம். வருகிறவருக்கு எதற்காகக் கூலி கொடுக்கிறோம், அவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்று சிந்திப்பதில்லை. சிறு விஷயம் போலத் தோன்றும் இதற்குள் பெரியதொரு நியாயப் பிரச்சினை அடங்கியிருக்கிறது. விளக்கு எரியும்போதே அதை யோசித்துப் பார்ப்பது நல்லது.

தையற்காரர் தைத்த சட்டை சரியில்லையென்றால் போட்டுப் பார்த்ததும் தெரிந்துவிடும். பிரியாணியில் உப்புக் கூடிவிட்டால் முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும். எலெக்டிரீஷியனின் வேலையோ அத்தகையதன்று. வயர்கள் சுவருக்குள்ளே ஓடுகின்றன. ஒழுங்காக வேலை செய்தாலும் விளக்கு எரியும். ஏனோதானோ என்று செய்தாலும் அதே விளக்கு அதே போல எரியும். மூன்று முனைப் பிளக்கில் மற்ற இரண்டையும் விட நீளமான முனை ஒன்று இருப்பதை நாம் அறிவோம். அது எர்த் வயருக்கு உரியது. சுவருக்குள் அந்த வயரை இணைக்காமலே விட்டுவிட்டாலும் இஸ்திரிப் பெட்டி சூடாகும். சலவை இயந்திரம் சுழலும். ஆண்டுக்கணக்கில் ஒரு குறையும் தெரியாது. என்றாவது ஒரு நாள் இயந்திரத்துக்குள் ஒரு வயரின் உறை தேய்ந்து, வெளித்தகட்டில் மின்சாரம் பாயும்போதுதான் அந்தக் குறை வெளிப்படும். அன்று அதன்மேல் கை வைப்பவர் யாராக இருப்பார் என்பதை யார் சொல்ல முடியும்?

ஆகவே, இந்தத் தொழிலாளியிடம் நாம் விலைக்கு வாங்குவது சுவிட்சையும் வயரையும் மாத்திரமன்று. நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அவர் காட்டும் நாணயத்தையும் சேர்த்தே வாங்குகிறோம். இதை நம் மக்கள் அமானிதம் என்று சொல்லுவார்கள். நம்முடைய மனைவி மக்களின் உயிரை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து தேநீர் அருந்துகிறோம். ஒப்படைக்கப்பட்டவருக்குக் கடமை உண்டு என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்படைப்பவருக்கும் கடமை உண்டு என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

அது என்ன கடமை? ஓர் உதாரணத்தால் விளக்குவோம். சுவிட்சுப் பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுத் தடுப்புக் கருவி ஒன்று இருக்கிறது. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடைவிடாமல் கவனித்துக்கொண்டிருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் அளவு வேறு வழியில் கசிந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. பழைய 100 வாட் பல்பு ஒன்றில் ஓடும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது இந்த அளவு. பக்கத்திலே இருக்கும் எம்.சி.பி. என்ற சிறு சுவிட்சுகள் வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பவை. 20 ஆம்பியர் சுவிட்சு ஒன்று, மனித உடலில் பாயும் மின்சாரத்தைப் பொருட்படுத்தவே செய்யாது. மனிதரைக் காப்பதற்கென்று அமைந்தது ஆர்.சி.சி.பி. தான்.

சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டு ஜூலை முதல் புதிய வீடுகளுக்கு இக்கருவி கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றில் அது இல்லாமலே இருந்து வந்தது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில், இக்கருவி இல்லாத ஒரு வீட்டில் தந்தை, தாய், மகன் ஆகிய மூவரும் மின்சாரம் தாக்கி மாண்டனர். 2023ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் இக்கருவி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பழைய வீட்டுக்காரர்களுக்கு 2025ஆம் ஆண்டு ஜூலை 1 வரை தவணை கொடுக்கப்பட்டிருந்தது. அந்தத் தவணையும் முடிந்துவிட்டது.

இனி, நடுநிசியில் இக்கருவி விழுந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தூக்கிவிட்டால் மறுபடியும் விழுகிறது. எங்கோ கசிவு இருக்கிறது என்பதே அதன் பொருள். வந்த தொழிலாளி, "கசிவு எங்கே என்று தேட வேண்டும், நேரமாகும்" என்கிறார். நாமோ, "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், எப்படியாவது இப்போது கரண்டைக் கொடுத்துவிடுங்கள்" என்கிறோம். அந்த "எப்படியாவது" என்ற ஒரு சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. கருவியைச் சுற்றி வேறு வயர் போட்டு விளக்கை எரிய வைப்பது, அந்த வேலை தெரிந்தவருக்குச் சில நிமிஷ வேலை. நல்ல தொழிலாளி மறுத்துவிடுவார். மறுத்தவரை "வேலை தெரியாதவர்" என்று அனுப்பிவிட்டு, சம்மதிப்பவரைத் தேடிப் பிடித்தால், குற்றத்தில் பெரும்பங்கு யாருடையது? கை அவருடையது, ஏவியது நாம். "நான் என்ன கண்டேன், அவரல்லவா செய்தார்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மனச்சாட்சி இடந்தராது.

அந்த இரவிலே செய்யத்தக்கது வேறு உண்டு. எம்.சி.பி. சுவிட்சுகள் அனைத்தையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொன்றாக மேலே தள்ளிப் பார்க்கலாம். எதை ஏற்றியதும் கருவி விழுகிறதோ, அந்த வழியில் கசிவு இருக்கிறது. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, மற்ற விளக்குகளோடு பொழுது விடியும்வரை காத்திருக்கலாம். பெரும்பாலும் குளியலறை ஹீட்டரோ, சலவை இயந்திரமோ, பழைய கெண்டியோதான் காரணமாக இருக்கும். கருகல் வாடை வந்தாலோ, பொறி பறந்தாலோ, எவரையாவது ஷாக் அடித்தாலோ பொறுத்திருக்கலாகாது. மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். மின்சாரம் நிற்கும் முன் அடிபட்டவரைத் தொடக் கூடாது. சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

அடுத்து, கூலி. "பத்து நிமிஷம் கூட ஆகவில்லை, இவ்வளவு பணமா?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். பத்து நிமிஷத்தில் குறையைக் கண்டுபிடிப்பதற்கு அவர் எத்தனை ஆண்டு உழைத்திருக்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை. தேடத் தெரியாதவர் மூன்று மணி நேரம் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தால், "பாவம், கஷ்டப்பட்டார்" என்று கூடுதலாகக் கொடுக்கிறோம்! திறமைக்கு அபராதமும் திறமையின்மைக்குச் சன்மானமும் வழங்குவது என்ன நியாயம்? மேலும், பேரம் பேசிப் பேசிக் கூலியைக் குறைக்கும்போது எது குறைகிறது என்பதையும் எண்ண வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சுவிட்சைக் குறைக்க முடியாது. ஆகவே குறைவதெல்லாம் கண்ணுக்குத் தெரியாததுதான். வயரின் கனம் குறையும். திருகாணியை இறுக்கும் பொறுமை குறையும். வேலை முடிந்தபின் செய்யவேண்டிய சோதனை குறையும். இறுக்காத திருகாணி நாளடைவில் சூடேறும். சூடேறிய இடம் ஒரு நாள் கருகும்.

எனினும், நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. வீட்டுக்காரரின் பயத்தையும் அறியாமையையும் மூலதனமாக்கிக்கொண்டு, ஒரு சுவிட்சு மாற்ற வேண்டிய இடத்தில் பெட்டி முழுவதையும் மாற்றிவிட்டுப் பணம் பறிப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். இருட்டில் தவிப்பவரிடம் இஷ்டப்பட்ட விலை சொல்லுவது, தாகத்தால் தவிப்பவரிடம் தண்ணீருக்குப் பொன் கேட்பது போன்றது. ஆகவே, வரும்முன்பே வருகைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதும், குறையைக் கண்டபின் வேலை தொடங்குமுன் விலையைக் கேட்பதும், மாற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்லுவதும், ரசீது வாங்குவதும் அவரை அவமதிப்பதாகாது. நாணயமான தொழிலாளி இவற்றை வரவேற்பார். முன்கூட்டி விலையைக் கேட்டுக்கொள்வது உரிமை. வேலை முடிந்தபின் சொன்ன சொல்லிலிருந்து குறைப்பது அநியாயம்.

இனி, நம் சமூகத்தாருக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருவோம். "நம்ம ஆள் ஒருவர் இருக்கிறார், வயர் வேலையெல்லாம் அத்துப்படி, பாதிக் கூலிக்குச் செய்வார்" என்று நண்பர்கள் சொல்லக் கேட்கிறோம். விசாரித்தால் அவரிடம் உரிமம் இருப்பதில்லை. சிலவேளை அவர், தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்து, கப்பல் பட்டறையிலோ கட்டுமானத் தளத்திலோ உழைக்கும் தம்பியாக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, ஊரிலே கடன். அவருக்கு நாலு காசு கிடைக்கட்டுமே, நமக்கும் செலவு குறையட்டுமே என்று இரக்கமும் சிக்கனமும் கைகோத்துக்கொள்கின்றன. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கத் தோன்றும்.

நஷ்டம் அந்தத் தம்பிக்குத்தான். சிங்கப்பூரின் சட்டப்படி, வேலை அனுமதியில் குறிப்பிட்டுள்ள முதலாளிக்கு மட்டுமே அவர் வேலை செய்யலாம். பிடிபட்டால் அவர் வேலையை இழந்து ஊர் திரும்ப நேரிடும். வந்த கடன் மட்டும் அவருடனே போகும். வேலை கொடுத்த நாமும் குற்றவாளியாவோம். நமக்கு மிச்சமாவது சில வெள்ளி. அவர் பணயம் வைப்பது தம் குடும்பத்தின் சோறு. இதை இரக்கம் என்று அழைப்பது பொருந்துமா? அவருக்கு உதவ வேண்டுமென்றால் உதவ நூறு வழி உண்டு. உள்ளூரிலேயே உள்ள உறவினப் பையனாக இருந்தால், தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் சேர்ந்து படித்து, உரிய அனுபவம் பெற்று உரிமம் எடுப்பதற்குக் கட்டணம் கட்டலாம். அது அவனுக்கு வாழ்நாள் முழுவதும் சோறு போடும். நம் வீட்டுச் சுவரை அவனுக்குப் பயிற்சிக் கூடமாக்குவது அவனுக்கும் உதவியாகாது, நமக்கும் ஆகாது.

"உரிமம் வைத்திருப்பவரெல்லாம் உத்தமரா?" என்று கேட்பார்கள். உத்தமர் என்று நாம் சொல்லவில்லை. உரிமம் ஒருவரை நல்லவராக்காது, ஆனால் பொறுப்பாளியாக்கும். சிங்கப்பூரில் எரிசக்திச் சந்தை ஆணையம் உரிமம் வழங்குகிறது. உரிமம் பெற்றவரின் பெயர் ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். மலேசியாவில் 1990ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டத்தின் கீழ், வயர்மேன்களுக்கு எரிசக்தி ஆணையம் தகுதிச் சான்றிதழ் வழங்குகிறது. தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு விடை இருக்கிறது. பெயர் தெரியாத கைக்கு அந்த விடை இல்லை.

அக்கம்பக்கத்துத் தொழிலாளியைத் தேடுவதற்கும் காரணம் இதுவே. அருகிலிருப்பதால் சீக்கிரம் வருவார் என்பது ஒரு நன்மை. அதைவிடப் பெரிய நன்மை, நாளைக்கும் அதே காப்பிக் கடையில் அவர் நம் முகத்தில் விழிக்க வேண்டும் என்பது. இருட்டிய பிறகு முன்பின் அறியாதவரைத் தேடுவதைக் காட்டிலும், பகலிலேயே உரிமமுள்ள ஒருவரைக் கொண்டு ஒரு சிறு வேலையைச் செய்வித்து, அவருடைய குணத்தையும் கைத்திறனையும் அறிந்து வைத்துக்கொள்வது அறிவுடைமை. அப்படிப்பட்டவர், அவசரமென்று அழைக்கும்போது அந்நியராக வரமாட்டார்.

வாசகர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். வீடுகள் கைமாறுகின்றன. இன்று நாம் குடியிருக்கும் வீட்டில் நாளை வேறொருவர் குடியேறுவார். சுவருக்குள் நாம் செய்வித்த வேலை அங்கேயே இருக்கும். அந்தக் குளியலறையில் குளிக்கப்போகும் குழந்தையை நாம் பார்த்ததில்லை. அந்தச் சலவை இயந்திரத்தைத் தொடப்போகும் பணிப்பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது. நம்மைத் தெரியாத, நம்மைக் கேள்வி கேட்க முடியாத அவர்களுக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்று மாலையே சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் மேலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். கருவி விழுந்தால் நல்லது. மறுபடி ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். விழாவிட்டாலோ, அப்படி ஒரு கருவியே இல்லாவிட்டாலோ, உரிமமுள்ள ஒருவரை நாளைக் காலையிலேயே அழையுங்கள். அவர் கேட்கும் நியாயமான கூலியை முகங்கோணாமல் கொடுங்கள்.